முகத்துக்கு முன்னே மணம்

வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. இரண்டாவதாக ஒன்றைக் கொண்டுவருகிறோம். கூடத்தின் நடுவில் கூடையை வைத்துத் திறந்துவிட்டு, என்ன நடக்கிறது என்று வீட்டார் எல்லாரும் சுற்றி நின்று பார்க்கிறோம். அரை நிமிடத்தில் பழைய பூனை முதுகை வில்லாக வளைத்து, மயிர் சிலிர்த்து, சீறுகிறது. புதியது பீரோவுக்கு அடியில் புகுந்துகொள்கிறது. "ரெண்டு நாளில் பழகிவிடும்" என்று சொல்லிக்கொள்கிறோம். சில வீடுகளில் பழகிவிடவும் செய்கிறது. பழகாத வீடுகளில் நடப்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மாதக்கணக்கில் சண்டை, கட்டில்மேல் மூத்திரம், கடித்த இடத்தில் சீழ்க்கட்டி, கடைசியில் ஒரு பூனையைச் சாக்கில் போட்டு மீன் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவருவது. இவற்றில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இரண்டு பூனைகளும் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கும் வேளையைத் தள்ளிப்போட வேண்டும். அந்த இடைவெளியில் அவற்றின் மூக்குகள் பழகிக்கொள்ள வேண்டும்.

பூனை எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கார்லோஸ் டிரிஸ்கலும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஏறக்குறைய ஆயிரம் பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, உலகெங்கும் உள்ள வீட்டுப் பூனைகள் மேற்காசியக் காட்டுப்பூனையின் வழிவந்தவை என்று 2007இல் காட்டினார்கள். சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்னும் இடத்தில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் 2004இல் அறிவித்தார்கள். அவ்வளவு நீண்ட உறவு நமக்கும் பூனைக்கும். ஆனால் அந்த மூதாதை தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்று வாழ்ந்த விலங்கு. ஓர் எலி ஒரு வயிற்றுக்குத்தான் காணும். பங்கு போட ஆள் சேர்ந்தால் பட்டினிதான். கூட்டமாக வேட்டையாடிய ஓநாயின் வழிவந்த நாயிடம், சண்டைக்குப் பின் சமாதானம் பேசும் சைகைகள் ஏராளமாக உண்டு. பூனையிடம் அவை சொற்பம். எதிரியைக் கண்டால் விலகிப்போய்விடுவதே அதன் வழக்கம். நாமோ வாசல் கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம். விலகிப்போக வழியில்லாத பூனைக்கு மிஞ்சுவது ஒளிவதும் அடிப்பதும்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மீன் சந்தையில் பத்துப் பூனைகள் கூடி வாழவில்லையா, யார் போய் அறிமுகம் செய்துவைத்தார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டேவிட் மெக்டொனால்டும் வேறு சிலரும் பண்ணைப் பூனைக் கூட்டங்களைப் பல ஆண்டுகள் கவனித்துச் சொன்னதில் இதற்குப் பதில் இருக்கிறது. உணவு ஓரிடத்தில் நிறையக் கிடைத்தால் பூனைகள் கூடி வாழும். ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பால்கூடக் கொடுக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தின் கரு, தாயும் மகளும் சகோதரிகளுமாகிய பெட்டைகள். வெளியிலிருந்து வரும் அந்நியப் பூனையை அவை விரட்டுகின்றன. அப்படி வந்தது ஓரத்தில், தொலைவில், நாட்கணக்கில் நடமாடி, தன் வாடை மற்றவற்றுக்குப் பழகிய பிறகே கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குகிறது. பல சமயம் நெருங்காமலே போய்விடுகிறது. ஆகவே சந்தைப் பூனைகள் என் பக்கத்துச் சாட்சிகள். மெதுவான அறிமுகம் நாம் கண்டுபிடித்த செயற்கை முறையன்று, பூனைகளே கையாளும் முறை. வெளியில் தூரம் அந்த வேலையைச் செய்கிறது. வீட்டுக்குள் அந்தத் தூரத்தை ஒரு கதவைக்கொண்டு நாம்தான் உண்டாக்கித் தர வேண்டியிருக்கிறது.

சரி, மூக்கு ஏன் முதலில்? பூனையின் கன்னம், மோவாய், நெற்றிப்பொட்டு, வால் அடி, பாதத்தின் மெத்தை ஆகிய இடங்களில் மணச் சுரப்பிகள் உண்டு. சோபா முனையிலும் கதவு நிலையிலும் நம் காலிலும் அது கன்னத்தை உரசிச் செல்வதைப் பாசம் என்று மட்டும் நினைக்கிறோம். பாசமும் இருக்கலாம், கூடவே அது தன் மணத்தையும் பூசிவிட்டுப் போகிறது. 1990களில் பிரான்சின் பாட்ரிக் பஜே இந்த முகச் சுரப்பைப் பிரித்து ஆராய்ந்து, பூனைகள் பொருள்களில் பூசும் கலவை ஒன்று, தமக்குள் பழகியவற்றின்மேல் பூசிக்கொள்ளும் கலவை வேறொன்று என்று இனம்பிரித்தார். மூக்கு போதாதென்று, வாயின் மேலண்ணத்தில் யாகோப்சன் உறுப்பு என்று ஒரு தனி உறுப்பும் இந்த வேலைக்கென்றே இருக்கிறது. ஒரு பொருளை முகர்ந்துவிட்டு, மேலுதட்டைத் தூக்கி, வாயைப் பாதி திறந்தபடி பூனை ஒரு கணம் அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முகத்தைச் சுளிப்பதுபோல் தோன்றும். அந்த வேளையில் அது மணத்தை அந்த உறுப்புக்கு ஏற்றிப் படித்துக்கொண்டிருக்கிறது.

பூனைக்கு முகத்தைவிட மணமே பெரிது என்பதற்கு ஒரு வலுவான சான்று, புதிய பூனையே இல்லாத வீடுகளில் கிடைக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒன்றாகச் சுருண்டு தூங்கிய இரண்டு பூனைகளில் ஒன்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்ப அழைத்துவந்தால், வீட்டிலிருந்தது அதைப் பார்த்துச் சீறி அடிக்கப் பாய்வது கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த பிரச்சினை. முகம் அதே முகம், குரல் அதே குரல். மாறியது மணம்: மருந்து வாடை, வேறு விலங்குகளின் வாடை, பயத்தின் வாடை. பழகிய தோழனையே மணம் மாறினால் அந்நியனாகக் கொள்ளும் விலங்கு, அந்நிய மணத்தோடு திடீரென்று கூடத்தில் வந்து நிற்கும் ஒன்றை என்னவாகக் கொள்ளும்? அதன் கணக்கில் வீடு என்பதே மணங்களால் ஆன இடம். அங்கே அறிமுகமற்ற மணம் ஒன்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், உடலும் கண்ணும் நகமுமாக வந்து சேருகிறது. அதன் சீற்றத்தைப் பொறாமை என்றும் திமிர் என்றும் சொல்வது அந்தப் பிராணிக்கு நாம் செய்யும் அநியாயம். அது பயந்திருக்கிறது.

இனி முதல் சந்திப்புக்கு வருகிறேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகத்திலிருந்து பூனை எடுத்துச் சென்று ஏற்கெனவே இருந்த பூனையோடு சேர்த்தவர்களிடம் விசாரித்து 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதி வீடுகளில் தொடக்கத்திலேயே சண்டை. இரண்டு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் கழித்துக் கேட்டபோதும் சுமார் மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் சண்டை ஓயவில்லை. முதல் சந்திப்பில் கடியும் பிறாண்டலும் நடந்த வீடுகளில் பின்னாலும் சண்டை நீடிப்பது அதிகமாக இருந்தது. இதை வைத்து நான் அவசரப்படக்கூடாது. முரட்டுப் பூனைகள் முதல்நாளும் அடித்துக்கொள்ளும், ஆறாம் மாதமும் அடித்துக்கொள்ளும். முதல் சந்திப்புக்கு இதில் என்ன பங்கு என்று ஒருவர் கேட்டால் இந்த ஆய்வு மட்டும் அவருக்குப் பதில் சொல்லாது. ஒன்றோடொன்று சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. ஆனால் பயம் எப்படிக் கற்கப்படுகிறது என்பது இந்த ஆய்வை நம்பியிருக்கும் விஷயம் அல்ல. வலியோடும் பீதியோடும் சேர்ந்து வந்த மணமும் உருவமும் ஒரே தடவையில் மனதில் பதிந்துவிடும் என்பதும், பதிந்ததை அழிக்க வாரக்கணக்காகும் என்பதும் விலங்கு உளவியலில் திரும்பத் திரும்ப நிறுவப்பட்டவை. முதல் நாள் அடியைத் தவிர்ப்பதால் நமக்கு இழப்பு எதுவும் இல்லை. அடி விழுந்துவிட்டால் இழப்பு நிச்சயம்.

பயத்தை எப்படிக் கழிப்பது என்பதற்கு 1924ஆம் ஆண்டிலேயே அழகான வழி ஒன்று பதிவாகியிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனுக்குப் பயம் தெளியவைத்தார். அவன் விரும்பிச் சாப்பிடும்போது, அவன் சாப்பாட்டைக் கெடுக்காத தொலைவில் முயலைக் கூண்டோடு வைத்தார். நாளடைவில் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக் கொண்டுவந்தார். முடிவில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். பூனைகளை அறிமுகம் செய்யும் முறை முழுவதும் இந்த ஒரே தத்துவத்தில் நிற்கிறது: பயம் எழாத தொலைவில் தொடங்கு, அந்த வேளையில் இன்பமான ஒன்றைக் கொடு, நெருங்கும் வேகத்தைப் பயப்படுகிறவனிடம் விட்டுவிடு.

இதை வீட்டில் எப்படிச் செய்வது? புதிய பூனையை நேரே ஓர் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட வேண்டும். பழைய பூனை அதிகம் புழங்காத அறையாக இருந்தால் நல்லது. அது தினமும் தூங்கும் அறையைப் பிடுங்கிக் கொடுத்தால் முதல் நாளே அதற்கு நஷ்டக்கணக்கு ஆரம்பித்துவிடும். உள்ளே தண்ணீர், சாப்பாடு, அதிலிருந்து தள்ளி மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. இரண்டு மூன்று நாள் கழித்து, புதியது ஒழுங்காகச் சாப்பிட்டுத் தட்டில் ஒழுங்காகப் போகிறது என்று தெரிந்தபின், துவைத்து மெலிந்த பருத்தித் துணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு வாசனை இருக்கக்கூடாது. புதியதின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மயிர் மெலிந்திருக்கும் இடம், கன்னம், மோவாய் ஆகியவற்றில் அதை மெல்லத் தேயுங்கள். பழையது சாப்பிடும் கிண்ணத்திலிருந்து நாலைந்து அடி தள்ளி அந்தத் துணியைப் போட்டுவிட்டு, வேகவைத்த கோழியோ நெத்திலியோ, அதற்கு எது உயிரோ அதை வையுங்கள். பூனை துணியை முகர்ந்துவிட்டுச் சாப்பிடப் போனால் சரி. முகர்ந்து, காதை மடக்கி, சாப்பாட்டை விட்டுவிட்டு வெளியேறினால் துணி கிட்டே இருக்கிறது என்று பொருள். அடுத்த வேளை இன்னும் தள்ளிப் போடுங்கள். நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, துணிக்குப் பக்கத்திலேயே கிண்ணத்தை வைத்தாலும் அது நிதானமாகச் சாப்பிடும் நிலைக்கு வர வேண்டும். பழையதின் மணத்தையும் இதேபோல் மற்றதற்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் தொலைவிலிருந்து தொடங்கி ஒரே நேரத்தில் சாப்பாடு. பிறகு, ஒன்றையொன்று பார்க்காமல் இடமாற்றம்: புதியது வீட்டை ஒரு மணி நேரம் சுற்றிவரட்டும், பழையது அந்த அறைக்குள் போய் ஒவ்வொரு மூலையையும் முகரட்டும்.

கண்ணுக்கு முறை வருவது இதற்கெல்லாம் பிறகு. நம் வீடுகளில் கிரில் கதவு இருப்பது பெரிய வசதி. இல்லாவிட்டால் நிலையில் உறுதியான கம்பிவலைச் சட்டம் ஒன்றை அடித்துக்கொள்ளலாம். நைலான் கொசுவலையை நம்ப வேண்டாம், நகம் பட்டால் கிழிந்துவிடும். கிரில் இடுக்கு ஒரு பூனை நுழையும் அளவுக்கு இருந்தால் கீழ்ப்பாதிக்கு அட்டை கட்ட வேண்டும். முதலில் துணியால் மறைத்துவிட்டு, சாப்பாட்டு வேளையில் மட்டும் ஒரு விரல்கடை, இரண்டு விரல்கடை என்று தூக்குங்கள். கவனிக்க வேண்டியது சீறலை அல்ல, வெறித்த பார்வையை. ஒருமுறை சீறிவிட்டு முகத்தைத் திருப்பிச் சாப்பிடும் பூனையால் ஆபத்தில்லை. சீறல் என்பது அடிதடியைத் தவிர்க்கச் சொல்லும் எச்சரிக்கை. இமைக்காமல், உடல் விறைத்து, வால் நுனி மட்டும் துடிக்க மற்றதையே பார்த்துக்கொண்டிருந்தால் துணியை இறக்கிவிட வேண்டும். சீறியதற்காக அதட்டுவதும் தண்ணீர் அடிப்பதும் மிகப் பெரிய தவறு. மற்றப் பூனை தெரியும்போதெல்லாம் தனக்குத் தண்டனை கிடைக்கிறது என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

இரண்டும் ஒரே அறையில் சேர்ந்த பிறகு, இது விளையாட்டா சண்டையா என்ற குழப்பம் வரும். ஸ்லோவாக்கிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 105 காணொளிகளில் 210 பூனைகளைக் கவனித்து 2023இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். சத்தமில்லாமல் கட்டிப் புரள்வது பெரும்பாலும் விளையாட்டோடு சேர்ந்து வந்தது. உறுமலும் அலறலும் துரத்தலும் பிணக்கோடு சேர்ந்து வந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு வகையும் உண்டு; விளையாட்டாகத் தொடங்கியது முற்றிப்போகும் இடம் அது. அந்த இடத்துக்குப் போகுமுன்பே ஒரு தீனித்துண்டைத் தூரப் போட்டோ கயிற்றை இழுத்தோ பிரித்துவிட வேண்டும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்துவதற்கு மனம் வராது, ஆனாலும் நிறுத்துங்கள்.

இவ்வளவுக்கும் இடமெங்கே என்பது அடுத்த மறுப்பு. ஒரு படுக்கையறை வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள், பூனைக்குத் தனியறையா? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. குளியலறையோ வலையடித்த பால்கனியோ முதல் சில நாளைக்குப் போதும். பிறகு பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இடத்தைப் பங்கிடலாம். தரைப்பரப்பு குறைவான வீட்டில் உயரம் கைகொடுக்கும். பரணுக்கு ஏறும் வழி, பீரோ மேல் ஒரு துணி, சுவரில் இரண்டு பலகை, இவையெல்லாம் பூனைக்கு அறைகள்தாம். ஆனால் மணல் தட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அவை இரண்டும் ஒன்றாகவே கணக்கு, ஏனென்றால் ஒரே பூனை வழியில் உட்கார்ந்து இரண்டையும் மறித்துவிடும். இரண்டு பூனைக்கு மூன்று தட்டு, வெவ்வேறு இடங்களில் என்பதே மருத்துவர்கள் சொல்லும் அளவு. மூன்று தட்டுக்கும் மூடக்கூடிய ஒரு கதவுக்கும் வழியே இல்லாத வீடு இரண்டாவது பூனைக்கு ஏற்ற வீடல்ல. கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

புதியதை அடைத்துவைப்பது கொடுமை என்பாரும் உண்டு. புது வீட்டின் நடுவே விடப்பட்ட பூனை தானாகவே தேடிப்போவது கட்டிலடியைத்தான். சிறிய இடம் அதற்குத் தண்டனை அல்ல, புகலிடம். இன்னொன்றும் இருக்கிறது. பூனைகளின் பார்வோ நோயான பான்லூக்கோபீனியா கிருமி தொற்றிய சில நாட்கள் கழித்தே வெளியில் தெரியும். அந்த வைரஸ் வீட்டுப் பரப்புகளில் ஓராண்டு வரைகூட உயிரோடு கிடக்கும். லுக்கேமியா வைரஸ் எச்சில் வழியாகவும், எஃப்.ஐ.வி. எனப்படும் பூனை நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரஸ் முக்கியமாகக் கடி வழியாகவும் பரவுகின்றன. மருத்துவர் பார்த்து, பரிசோதித்து, தடுப்பூசி போட்டு முடியும்வரை மூடிய கதவு இரண்டு உயிர்களையும் காக்கிறது. கருத்தடையும் அதற்குள் திட்டமிடப்பட்டுவிட வேண்டும். கடுவனுக்குக் கருத்தடை செய்தாலும் பழைய முறுக்கு அடங்கச் சில வாரங்கள் ஆகும்.

"தனியாக இருக்கிறதே, துணைக்கு ஒன்று வேண்டாமா" என்பதே இரண்டாவது பூனை வருவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம். அந்த இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரை அழைத்துவந்து வீட்டில் வைப்பது துணை ஆகாது. துணை வேண்டுமென்று தொடக்கத்திலேயே நினைப்பவர்கள் ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்து எடுப்பது நல்லது; பிறந்த நாள் முதல் ஒரே மணத்தில் வளர்ந்தவை அவை. குட்டியென்றால் பெரிய பூனை ஏற்றுக்கொள்ளும் என்பது பாதி உண்மை. குட்டியை அது போட்டியாளராக அவ்வளவு பார்ப்பதில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பூனையின் வாலைப் பிடித்து நாளெல்லாம் தொங்கும் குட்டி அதன் முதுமையை நரகமாக்கிவிடும். மூட்டுவலியுள்ள கிழப்பூனைக்கு ஓடவும் முடியாது.

பூனையின் மணச் சுரப்பைப் போன்ற செயற்கைப் பொருளைப் பரப்பும், மின்செருகியில் போடும் ஃபெரமோன் சாதனங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பல பூனைகள் உள்ள 45 வீடுகளில் நடத்தி 2019இல் வெளியான சோதனையில் அதற்கு ஓரளவு பலன் தெரிந்தது. போலிச் சாதனம் வைத்த வீடுகளிலும் சண்டை குறைந்தது. இரு தரப்பாருக்கும் பூனைகளை நடத்தும் முறை கற்றுத்தரப்பட்டிருந்தது. வசதி இருந்தால் வாங்குங்கள், கதவுக்குப் பதிலாக அதை நம்பாதீர்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? இரண்டு வாரத்தில் முடிவதும் உண்டு, நான்கு மாதம் இழுப்பதும் உண்டு. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கருத்தாய்வில், பல பூனைகள் உள்ள 2,492 வீடுகளில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவானவற்றில் அறிமுக நாளிலிருந்தே பிணக்கின் அறிகுறிகள் இருந்தன. ஆனால் மொத்தத்தில் பிணக்கைவிட இணக்கமே அடிக்கடி காணப்பட்டது. ஒன்றையொன்று நக்கிக்கொடுத்துத் தூங்குவதை எல்லாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரே அறையில் இரண்டு மூலைகளில் கண்மூடிப் படுத்திருந்தால் அது முழு வெற்றி. ஓசையில்லாத பகையை மட்டும் அமைதி என்று எண்ணிவிடக்கூடாது. ஒன்று நடைவழியில் உட்கார்ந்திருக்கிறது, மற்றது பரணைவிட்டு இறங்குவதில்லை, தட்டுக்குப் போகாமல் அடக்கிக்கொள்கிறது என்றால் அந்த வீட்டில் சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த மன அழுத்தம் மூத்திரப்பை அழற்சியோடு தொடர்புடையது. கடுவனுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போகும்.

இப்படி ஓசையில்லாத பகை தெரிந்தால் வெட்கப்படாமல் மூடிய கதவுக்குத் திரும்பி, துணியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மாதங்கள் கடந்தும், மருத்துவர் பார்த்து வலியோ நோயோ இல்லை என்று சொன்ன பிறகும் முடியவில்லை என்றால், அவற்றில் ஒன்றுக்கு வேறு வீடு தேடுவது அதன்மேல் உள்ள அக்கறைதான். இன்னொரு பூனையைப் பொறுக்காத எத்தனையோ பூனைகள் தனியாக இருக்கும் வீட்டில் நிம்மதியாக வாழ்கின்றன. தேடும் வீட்டில் வேறு பூனை இருக்கக்கூடாது, பால்கனிக்கும் ஜன்னல்களுக்கும் வலை இருக்க வேண்டும், தடுப்பூசிச் சீட்டையும் கருத்தடைச் சான்றையும் கையோடு கொடுத்தனுப்ப வேண்டும். ஒத்துவராவிட்டால் திரும்ப எங்களிடமே கொண்டுவாருங்கள், தெருவில் விட்டுவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வாக்கும் வாங்கிக்கொள்ள வேண்டும்.